அட்டை அடித்த ஜன்னல்

"அங்கனயே நில்லு. படியத் தாண்டுனா நான் மறுபடியும் தலைக்குத் தண்ணி ஊத்தணும்."

சமையலறையின் பின்கதவைப் பாதி திறந்து நின்று தனலெட்சுமி இப்படிச் சொன்னபோது வினோதாவின் ஒரு கால் படியில் இருந்தது. கையில் பாத்திரம் தேய்த்த சவர்க்கார நுரை. காலை இறக்கினாள். ஆனால் நகரவில்லை.

"கேஸ் வாடை அடிக்குதுங்கம்மா. கதவுக்குக் கீழால வருது."

"கான்ல ஓடுற அழுக்குத்தண்ணி நாத்தமா இருக்கும். இல்லாட்டி ஒன் சீலையா இருக்கும். தோட்டத்து லயத்து வீட்டுல இருந்து கட்டிக்கிட்டு வந்ததுதானே."

எட்டு மாதமாகக் கேட்டுப் பழகிய பேச்சுத்தான்.

ஹட்டன் கடைவீதியில் தனலெட்சுமியின் புருஷன் அழகையா முதலாளியின் துணிக்கடைக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. றொசல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்து வினோதா பாத்திரம் தேய்ப்பாள், துணி துவைப்பாள், முற்றம் கூட்டுவாள். சமையலறைக்குள் மட்டும் காலடி படக் கூடாது. தேய்த்த பாத்திரங்களைக் குழாயடிக் கல்லில் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் தள்ளி நிற்க வேண்டும். தனலெட்சுமி வந்து ஒவ்வொன்றின் மேலும் மூன்று தரம் தண்ணீர் தெளிப்பாள். மூன்று சொட்டுத் தண்ணீரில் சாதி கரைந்து ஓடிவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொண்டு உள்ளே எடுத்துப்போவாள்.

குழாயடியைப் பார்த்திருந்த சமையலறை ஜன்னல், வினோதா வந்த முதல் வாரமே மூடப்பட்டுவிட்டது. சாமிக்குப் படைக்கச் சமைப்பதில் தோட்டத்துக்காரியின் கண் படக் கூடாதாம். துணி வந்த பெட்டி அட்டையை அளவாக வெட்டி, நாலு மூலையிலும் ஆணி அடித்தவர் முதலாளியேதான். அன்றிலிருந்து அந்த அறைக்குக் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

"அடுப்புல என்னாம்மா வச்சீங்க?" என்று வினோதா கேட்டாள்.

சாமிக்குப் படைக்கிற பொங்கலுக்குப் பால் வைத்துவிட்டு முன்வாசலில் பூக்கட்டப் போனதாகத் தனலெட்சுமி சொன்னாள். கட்டி முடித்த சரம் அவள் கையில் தொங்கியது. அதற்குள் பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்திருக்கும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும் என்று வினோதா எடுத்துச் சொன்னாள். குவைத்தில் ஒன்பது வருசம், ஆறு அடுப்பு எரிகிற சமையலறையை ஒற்றை ஆளாக நடத்தியவள் அவள். இந்த வாடை அவளுக்குத் தெரியும். தனலெட்சுமிக்கோ நாலு நாளாகச் சளி, மூக்கு அடைத்திருந்தது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னையப் பயங்காட்டி உள்ள வரப் பாக்குற" என்று சொல்லித் திரும்பினாள் தனலெட்சுமி.

சாமிப் படங்கள் வைத்த தட்டு சமையலறைக்குள்ளேதான்; விளக்கேற்றப் போனாள். இருட்டுக்குள் நெருப்புப்பெட்டியை எடுக்கும் சத்தம் கேட்டது.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்து அறையில் மருமகள் ஹம்சினியும் பத்து மாதக் குழந்தையும் படுத்திருந்தார்கள். படியைத் தாண்டினால் வேலை போகும். தாண்டாவிட்டால் குழந்தை போகும். வினோதா தாண்டினாள்.

குச்சியை உரசப்போன மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, பெட்டியைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். தனலெட்சுமியின் மறுகை சுவிட்சைத் தேடியது. "லைட்டப் போடாதீங்க" என்று அதையும் தட்டிவிட்டாள். முதலில் சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருகி மூடினாள். பிறகு பால் வழிந்து பிசுபிசுத்த அடுப்பின் குமிழை. பின்கதவை அகலத் திறந்தாள். அட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஆணியோடு கிழித்தெறிந்து ஜன்னலைத் தள்ளினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு மலைக்காற்று உள்ளே வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடை வழியாக வெளியே போகும்படி ஹம்சினிக்குக் குரல் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஹம்சினியும் சுற்றிக்கொண்டு வந்து சேர, எல்லோரும் பின்முற்றத்தில் நின்றார்கள். கடையிலிருந்து ஓடி வந்த அழகையா முதலாளியிடம் தனலெட்சுமி சொன்ன முதல் சொல் பாலைப் பற்றியும் இல்லை, பேரப்பிள்ளையைப் பற்றியும் இல்லை.

"என் கையப் புடிச்சிட்டா இவ."

முதலாளி ஜன்னலைப் பார்த்தார். "அட்டைய யாரு கிழிச்சது?"

"வினோதாக்கா வராட்டி நாங்க யாரும் இருந்திருக்க மாட்டோம் மாமா" என்றாள் ஹம்சினி.

"அக்காவா?" என்றாள் தனலெட்சுமி.

அப்புறம் வீடே பரபரத்தது. வாளியில் மஞ்சள் கரைத்தார்கள். சூடம் கொளுத்தி, சாம்பிராணி போட்டால்தான் சமையலறை சுத்தமாகும் என்று தனலெட்சுமி பிடிவாதமாக நின்றாள். நெருப்புப்பெட்டி வினோதாவிடம் இருந்தது. கேஸ் தரையோடு படுத்துக்கிடக்கும், வாடை முழுக்கப் போகும்வரை யாரும் நெருப்பு உரசக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். தீட்டுக் கழிக்க எப்போது குச்சி கிழிக்கலாம் என்று தீட்டுக்காரியிடமே ரெண்டு தரம் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டார்கள். கூசவில்லை.

அந்த நேரத்தில் ஹம்சினி ஜன்னலுக்கு உள்ளே நின்றாள், வினோதா வெளியே நின்றாள். சவர்க்கார நுரையைக் கேஸ் குழாய் முழுக்கத் தடவிப் பார்க்கச் சொன்னாள் வினோதா, முட்டை முட்டையாகக் குமிழி வந்தால் அங்கே கசிவு. வேலை முடிந்ததும் அடுப்பை மட்டும் மூடினால் போதாது, ரெகுலேட்டரையும் மூட வேண்டும். பால் வைத்தால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இந்த ஜன்னலை இனி யாரும் அடைக்கக் கூடாது. ஹம்சினி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

கேட்டுக்கொண்டிருந்த தனலெட்சுமிக்கு இப்போதுதான் பயம் வந்தது.

"நாளையில இருந்து போறப்ப நீயே உள்ள வந்து சிலிண்டர மூடிட்டுப் போ, வினோதா. ஒரு நிமிசந்தானே. நீ போன பொறகு நான் மஞ்சத்தண்ணி தெளிச்சுக்கிறேன்."

"வேற எந்த வீட்டுலயும் இப்புடி உள்ள விடமாட்டாங்க" என்றார் முதலாளி, பெரிய மனது பண்ணியவராக.

வினோதா நெருப்புப்பெட்டியை எடுத்து ஹம்சினியின் கையில் கொடுத்தாள். குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரத்தை எடுத்து, வலது கையை விரல் இடுக்கிலிருந்து முழங்கை வரை தேய்த்தாள். கருகிய பால்சட்டியைத் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தாள்.

"கைய எதுக்கு இப்புடிப் போட்டுத் தேய்க்கிற?" என்று கேட்டாள் தனலெட்சுமி.

"ஒங்களப் புடிச்ச கைங்கம்மா."

கழுவிய கையைக் கல்லின் மேல் நீட்டி, இடது கையால் தண்ணீர் அள்ளி, அதன் மேல் நிதானமாக மூன்று தரம் தெளித்தாள்.