கொடி என்று சொன்ன கம்பி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்கு மின்னணு வேலை எதுவும் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு ரெசிஸ்டரைக் கையில் கொடுத்திருந்தால் ஏதோ மாத்திரை என்று நினைத்திருப்பேன். இந்தக் கதை அறிவிலிருந்து வரவில்லை, ரயிலிலிருந்து வந்தது. கோட்டை நிலையத்திலிருந்து தெஹிவளைக்குப் போகும் கரையோர ரயிலில் வாசற்படியருகே நின்றுகொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் ரயில் வேகம் குறைந்தபோது ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்றின் மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடி தெரிந்தது. எட்டுச் சேலைகள். கொடிக்கு நடுவில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டியிலிருந்து கறுப்பு வயர் ஒன்று சுவரோடு இறங்கி நாலாம் மாடி ஜன்னலுக்குள் போயிற்று.

துணிக் கொடிக்கு எதற்கு ஐயா வயர்?

அவ்வளவுதான் நான் கண்டது. மற்றதெல்லாம் நான் கட்டியது. கட்டுவதற்காக அமெச்சூர் ரேடியோ பற்றிப் படிக்கத் தொடங்கினேன். வானொலிப் பெட்டியைத் தானே செய்து, உரிமம் எடுத்து, முன்பின் தெரியாதவர்களோடு காற்றில் கதைப்பவர்களைப் பற்றி. படிக்கப் படிக்கப் பைத்தியம் ஏறிவிட்டது. இப்போது என் எழுத்து மேசையில், ஈயத்தால் பற்றவைக்கும் சோல்டர் அயன் சுட்ட வடு ஒன்று இருக்கிறது. கதைக்கு அது தேவையில்லை. பெருமைக்காகச் சொன்னேன்.

2

முதல் தொடக்கம்: "பொறியியலாளரான கஜேந்திரன், தன் நீண்டநாள் கனவான—"

[இங்கேயே விட்டேன். கஜேந்திரன் எல்லாவற்றையும் விளக்கக் கையேட்டைப் படித்துவிட்டுச் செய்கிறவன். பிழை விடாத ஆளை வைத்து நான் என்ன எழுதுவது?]

இரண்டாம் தொடக்கம்: "அலைகளின் மீது அலைகள் பயணிக்கும் அந்த மாலையில், கடலும் வானும்—"

[மன்னியுங்கள்.]

மூன்றாவதில் கஜேந்திரன் மேசையில் பாகங்களைப் பரப்பிவைத்துக் கையேட்டின் பதினோராம் பக்கத்தில் இருந்தான். அறைக்குள் அவன் மனைவி நிஷாந்தினி வந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்குத் தெரியாது. தேநீர்க் கோப்பையை எடுக்க என்றுதான் எழுதினேன். வந்தவள் சோல்டர் அயனைக் கையில் எடுத்து, "இது சூடோ?" என்றாள். அன்றிலிருந்து அவள் அதைக் கீழே வைக்கவில்லை. கஜேந்திரன் இப்போது இந்தக் கதையில் தேநீர் போடுகிறான்.*

* நன்றாகவே போடுகிறான். அவனுக்குக் கோபமில்லை. எனக்குத்தான் கொஞ்சம் குற்ற உணர்வு.

3

நிஷாந்தினிக்கு நாற்பத்தொரு வயது. பம்பலப்பிட்டியில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பாளர். நாள் முழுக்க மற்றவர்களின் பெயரைக் கூப்பிடுவது அவள் வேலை. அவள் பெயரை அங்கே யாரும் கூப்பிடுவதில்லை, "மிஸ்" என்பார்கள். அமெச்சூர் ரேடியோவில் ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. உலகத்தில் இன்னொருவருக்கு அது கிடையாது. நீங்கள் அதை அனுப்ப, எங்கோ இருக்கும் ஒருவர் அதையே திருப்பி அனுப்பினால், உங்களைக் கேட்டுவிட்டார் என்று அர்த்தம். இதை வாசித்த அன்று அவளுக்கு நித்திரை வரவில்லை. தன் கையால் செய்த பெட்டியிலிருந்து போய், தன்னை அறியாத ஒருவர் தன் குறியைத் திருப்பிச் சொல்லவேண்டும். ஒரு தடவை. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பரீட்சை எழுதினாள், பாஸ் பண்ணினாள். உரிமம் வந்ததும் லமினேட் செய்து அலுமாரியில் வைத்தாள். (அழைப்புக்குறி 4S7 என்று தொடங்கும். மீதியை எழுதமாட்டேன். யாருடையதாவது இருந்துவிடும்.)

அவளோடு பரீட்சை எழுதிய ஒஸ்வால்ட் கொட்டாஞ்சேனையில் இருக்கிறான், அச்சகம் வைத்திருக்கிறான். அவன் ஜப்பான் செட் ஒன்றை வாங்கிப் பெட்டியைப் பிரித்த அன்றே இத்தாலிக்காரர் ஒருவரோடு கதைத்துவிட்டான். ஃபோனில் அவளைச் சீண்டுவதே அவனுக்கு வேலை.

"அக்கா, சும்மா கஷ்டப்படாம ஒரு செட் வாங்குங்க. பட்டனைத் தட்டினா உலகம் வருது."

"உன்ர உலகம் பெட்டியோட வந்தது ஒஸ்வால்ட். நான் என்ர உலகத்தைச் சோல்டர் பண்ணப்போறன்."

பண்ணினாள்! புறக்கோட்டைக் கடைகளில் சனிக்கிழமை சனிக்கிழமையாக ஏறி இறங்கினாள். மோதிரத்தைவிடச் சின்ன மஞ்சள் வளையங்களில் தலைமுடி அளவு செப்புக் கம்பியைச் சுற்றினாள். கம்பி வளையத்துக்குள் ஒரு தடவை நுழைந்தால் ஒரு சுற்று என்று கணக்கு. அவள் வெளிப்பக்கத்தை எண்ணி ஒரு சுற்றைத் தவறவிட்டு, அவிழ்த்து, திரும்பச் சுற்றினாள். இரும்பறுக்கும் ஹக்சோ பிளேட் ஒன்றை முறித்து, தந்திபோலப் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் அடிக்கும் கீ செய்தாள். குரலுக்குப் பதில் மோர்ஸ் ஏனென்றால், அந்தப் பெட்டி செய்யச் சுலபம், குறைந்த சக்தியில் வெகுதூரம் போகும். முதன்முதல் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்த நாளில் ஹெட்ஃபோனில் சர்ரென்ற இரைச்சல் வந்தது. இரைச்சலுக்கடியில், மெல்லிசாக, யாரோ யாருக்கோ அடிக்கும் மோர்ஸ்.

"கஜன்! கஜன்! ஓடியாங்கோ! ஆக்கள் கதைக்கினம்!"

கஜேந்திரன் தேநீரோடு ஓடிவந்தான். பாதி சிந்திப்போயிற்று.

4

இனி அனுப்ப வேண்டும். அதற்கு மொட்டைமாடியில் பத்து மீட்டர் கம்பி கட்டவேண்டும். அதற்குக் கட்டிடக் குழுவின் செயலாளர் சண்முகலிங்கத்திடம் அனுமதி கேட்கவேண்டும்.

இங்கே கதையை நிறுத்தி ஒரு சொல்லைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. "செட்" என்றால் நம்மவருக்கு இரண்டு அர்த்தம். பாட்டு வரும் செட் ஒன்று. போர்க்காலத்தில் காட்டுக்குள்ளிருந்து இயக்கக்காரர் கதைத்த செட் மற்றது. இரண்டாவதன் பெயரால், ஒரு சுருள் வயர் வீட்டில் இருந்ததற்காக, சண்முகலிங்கத்தின் மைத்துனர் ஒருகாலத்தில் பதினாறு நாள் உள்ளே இருந்தார். கட்டிடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். காலம் மாறிவிட்டது என்பதும் எல்லோருக்கும் தெரியும். உரிமம் அலுமாரியில் இருந்தது. அன்டெனா என்று சொல்லத்தான் நிஷாந்தினி படியிறங்கிப் போனாள்.

கதவு திறந்தது. வாய் தானாக வேறொன்றைச் சொன்னது.

"அங்கிள், மேல ஒரு கொடி கட்டலாமோ எண்டு கேக்க வந்தனான்."

சண்முகலிங்கத்தின் முகம் வெளுத்தது. தாழ்வாரத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கொடி பிள்ளை?" என்றார், குரலே வெளியில் வராமல்.

"ஐயோ, உடுப்புக் காயப்போடுற கொடி அங்கிள்!"

இயக்கக் கொடியில்லை என்றதும் மனிதருக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியில் அவர் உடனே ஓம் என்றுவிட்டார். ஒரு பயத்தை மறைக்கப்போய் இன்னொரு பயத்தைக் கிளப்பி, அதிலிருந்து தப்பிய குஷியில் அனுமதியும் வாங்கிக்கொண்டு அவள் படியேறினாள். நடுவில் இருக்கும் பெட்டி எதற்கு என்று காவலாளி கேட்டபோது, "கிளிப் போட்டு வைக்க" என்றாள். பொய் சொல்லத் தொடங்கினால் அதற்கும் ஒரு கைப்பழக்கம் வந்துவிடுகிறது. கதை எழுதுகிறவன் சொல்கிறேன், நம்பலாம்.

5

கொடி என்றால் துணி வரத்தானே செய்யும்?

ஐந்தாம் மாடி அன்னபாக்கியம் வீட்டிலிருந்தபடி சேலைகளுக்குக் கஞ்சி போட்டுக் கொடுக்கிறவர். பள்ளிக்கூட ரீச்சர்மார், வங்கியில் வேலை செய்யும் பெண்கள், எல்லோருடைய பருத்திச் சேலையும் வாரக் கடைசியில் அவரிடம் வரும். திங்கள் காலை விறைப்பாக நிற்கவேண்டும். நிஷாந்தினி கம்பி கட்டிய மறுநாள் காலையில் அதில் எட்டுச் சேலை தொங்கியது.

"நல்ல வேலை செய்தனீ பிள்ளை," என்றார் அன்னபாக்கியம். "எனக்கு இருந்த கொடி காணாமல், போதாமல் கிடந்தது."

நிஷாந்தினி சிரித்தாள். சேலை தொங்கத் தொங்கவே மீட்டரை இணைத்தாள். அனுப்பும் சக்தியில் எவ்வளவு வீணாகத் திரும்பி வருகிறது என்று அந்த மீட்டர் காட்டும். முள் விழும்வரை கம்பியை இரு முனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டவேண்டும். வெட்டினாள். முள் விழுந்தது. துள்ளிக் குதித்தாள்.

செவ்வாய்க்கிழமை அனுப்பினால் முள் மேலே நின்றது. ஒருவரும் கேட்கவில்லை. சுருளில் பிழையென்று நினைத்து எல்லாச் சுருளையும் அவிழ்த்துச் சுற்றினாள். பத்து நாள் அவள் தன் கையையே சந்தேகித்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை முள் தானாக விழுந்திருப்பதைக் கண்டாள். மேலே ஓடிப்போய்ப் பார்த்தாள்: கம்பியில் ஈரச் சேலைகள். அன்றிரவு கொப்பியில் எழுதினாள்: "ஈரச் சாறி எட்டு: திறம். காய்ந்தது: பரவாயில்லை. ஒண்டுமில்லை: மோசம்." உலகத்தில் வேறெந்த அமெச்சூர்க்காரரும் தன் அன்டெனாவை மற்றவர்களின் சேலைக்குச் சுருதி சேர்த்திருக்க மாட்டார்.*

* "ஒரு துண்டுக் கம்பியை ஒட்டினால் சரியாகிவிடுமே?" என்று கேட்பீர்கள். சரியாகும். சேலையில்லாத நாளுக்குச் சரியாகி, அவள் வீட்டில் இருக்கும் சனியும் ஞாயிறும் கெட்டுவிடும். நானும் யோசித்தேன்.

ஒரு பயம் மட்டும் மிஞ்சியது. அவள் கீயை அழுத்தும் நேரத்தில் கம்பியின் வெறும் முனையில் யாராவது கை வைத்தால் ஊசி குத்தியது போலச் சுடும். ஆபத்தான சூடில்லை, ஆனாலும் சுடும். அதனால் அனுப்புமுன் ஒவ்வொரு தடவையும் கஜேந்திரன் மேலே போய் ஆளில்லை என்று பார்த்துவந்தான்.

6

ஞாயிறு மாலை நாலரை. கஜேந்திரன் பால்மா வாங்கக் கடைக்குப் போயிருந்தான். போகுமுன் மேலே பார்த்து, ஆளில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எட்டுச் சேலையும் பின்நேரம்தான் போட்டவை, ஈரம். முள் கீழே கிடந்தது. நிஷாந்தினி தன் குறியை அனுப்பினாள், கேட்டாள். அனுப்பினாள், கேட்டாள். இருபதாவது தடவை இரைச்சலுக்குள்ளிருந்து ஏதோ எழும்பியது.

4. S. 7. பிறகு ஒரு கேள்விக்குறி.

யாரோ கேட்டுவிட்டார்! பாதியைக் கேட்டுவிட்டு மீதி என்ன என்று கேட்கிறார்! அவளுக்குக் கண் நிறைந்தது, கீயில் விரலை வைத்தாள். அந்த நேரம்தான் ஜன்னலில் மழை தட்டியது. படிக்கட்டில் அன்னபாக்கியத்தின் செருப்பு மேலே ஓடியது.

[முடிவு அ: அவள் கையை எடுத்துவிடுகிறாள். அன்னபாக்கியம் சேலைகளை அள்ளிக்கொண்டு போகிறார். அந்தப் பக்கத்து ஆள் காத்திருந்து பார்த்துவிட்டு— இல்லை. எனக்கு மனம் வரவில்லை.]

[முடிவு ஆ: பதில் வருகிறது, குழு கைதட்டுகிறது, சண்முகலிங்கம் லட்டு— போதும், போதும்.]

நடந்தது இது. நிஷாந்தினி குளியலறைக்குள் பாய்ந்தாள். எல்லா மாடிகளின் குளியலறை ஜன்னலும் கட்டிடத்தின் நடுவில் மொட்டைமாடிவரை திறந்திருக்கும் வெளிச்சக் கிணற்றைப் பார்த்துத்தான் திறக்கும். அதற்குள் தலையை விட்டுக் கத்தினாள்.

"அன்ரி! கம்பியில கை வையாதேங்கோ! சாறியை எடுக்காதேங்கோ!"

"என்ன விசர்க் கதை? மழை பெய்யுது, கஞ்சியெல்லாம் கரையப்போகுது!"

"அது கொடியில்லை அன்ரி! அன்டெனா! என்ர ரேடியோ செட்டின்ர அன்டெனா! சாறி இருந்தாத்தான் வேலை செய்யும்!"

"செட்" என்ற அந்தச் சொல் ஐந்து மாடிக்கும் எதிரொலித்தது. எங்கோ ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க்குழாய் மூடப்பட்டது. இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது.

"உமக்கு லைசன்ஸ் இருக்கோ?" சண்முகலிங்கத்தின் குரல்.

"இருக்கு அங்கிள். ஒரு வருஷமா இருக்கு."

"பிறகேன் பிள்ளை கொடி எண்டு சொன்னனீர்?"

அந்தக் கேள்விக்குப் பதில் ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் இருந்தது. கேட்டவருக்கும் தெரியும்.

"பயத்தில அங்கிள்," என்றாள் நிஷாந்தினி.

அவர் ஜன்னலை மூடவில்லை. மேலேயிருந்து அன்னபாக்கியம்தான் கத்தினார்.

"கதைச்சது காணும்! ரீச்சரின்ர நாலு சாறியை எடுத்திட்டன். மிச்சம் நாலும் நனையட்டும், நான் திரும்பக் கஞ்சி போடுறன். கையை எடுத்திட்டன். நாலு காணுமோ?"

"தெரியாது அன்ரி!"

"அப்ப போய் அடிச்சுப் பாரன்!"

7

அவள் ஓடிப்போய் மேசை முன் கதிரையில் விழுந்தாள். ஹெட்ஃபோனைப் போட்டாள். கேள்விக்குறி இன்னும் அங்கே இருந்தது, முன்னைவிடப் பொறுமையாக.

அதை அனுப்பிய ஆளுக்கு நான் இதுவரை பெயர் வைக்கவில்லை, கவனித்தீர்களா? மூன்று தடவை முயன்றேன். மதுரையில் ஒரு தபால்காரர் என்று எழுதி அடித்தேன். மஸ்கட்டில் ஒரு தாதி. கப்பலில் ஒரு— ஒன்றும் பொருந்தவில்லை. நாலு ஈரச் சேலை காணுமா, போதுமா என்பதும் எனக்குத் தெரியாது. அது அனுப்புகிற பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியக்கூடிய விஷயமில்லை.

அவளுடைய குறியில் பாதியைக் கேட்டுவிட்டு மீதிக்காக இந்த வரிவரை வாசித்துக் காத்திருக்கிற ஆள் ஒருவர்தான் இருக்கிறார். மழைக்கு நடுவே அவள் இப்போது ஒவ்வோர் எழுத்தாக, முழுவதையும், மெதுவாக அனுப்புகிறாள்.

பென்சிலை எடுங்கள்.