ஒரேத்தோ அணியின் முதல் சம்பளக்காரர்

என் கணவர் கிருபனுக்கு அமெரிக்கன் ஃபுட்போல் என்றால் பைத்தியம். இத்தாலியின் பலெர்மோவில் இருக்கிற யாழ்ப்பாணத்து மனிதருக்கு இந்த வியாதி எங்கிருந்து தொற்றியது என்று என்னைக் கேட்காதீர்கள். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் கணவாய் துப்புரவாக்குவது அவர் வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவு அடுப்பு மூட்டும்வரை கிடைக்கிற ஓய்வில் மற்றவர்கள் குட்டித் தூக்கம் போடுவார்கள். இவர் போனில் அந்த விளையாட்டைப் பார்ப்பார். பார்த்ததோடு நின்றாரா? ஒரேத்தோவில் இருக்கிற எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கும் அதைப் பழக்கிவிட்டார்.

கழகத்துக்கும் அப்போது வேறு வழி இருக்கவில்லை. கோயில் பக்கத்து ஆட்களான நாங்களும், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துப் பக்கத்துத் தேவாலயப் பங்கு ஆட்களும் வருடத்துக்கு ஒருமுறை மோதுவது வழக்கம். கிரிக்கெட் விளையாடி யாரோ ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் கார்க் கண்ணாடி உடைந்தது. வொலிபோல் விளையாடி வலை கிழிந்தது, கூடவே இரண்டு பேருடைய சேர்ட்டும் கிழிந்தது. அமெரிக்கன் ஃபுட்போலில் இடித்து விழுத்தாத ஒரு சாதுவான வகை இருக்கிறது. பந்தோடு ஓடுகிறவரின் இடுப்பில் தொங்கும் பட்டியை உருவினால் அவர் நின்றுவிட வேண்டும். உருவ முன்னர் எல்லைக்கோட்டைத் தாண்டினால் புள்ளி. இரண்டு பக்கமும் சரி என்றது. எங்கள் ஆட்களும் எங்கள் ஆட்களைக் கட்டினவர்களும் மட்டுமே விளையாடலாம், காசு கொடுத்து வெளியாளைக் கொண்டுவரக் கூடாது என்று சட்டமும் போட்டார்கள்.

சட்டம் போட்டது எங்கள் தலைவர் கோபாலசிங்கம் அண்ணை. மூன்று வருடம் தொடர்ந்து தோற்றதும் அதை மீறினதும் அவர்தான். இந்த வருடம் நகரத்து அணி ஒன்றில் விளையாடும் சால்வோ என்ற இத்தாலியனை இரகசியமாகச் சம்பளம் பேசிப் பிடித்தார். கதவு நிலையில் குனிந்து நுழைகிற உருவம். யாராவது கேட்டால், கத்தானியாவில் இருக்கிற தன் ஒன்றுவிட்ட தங்கச்சியின் மருமகன் என்று சொல்ல முடிவாம்.

நல்லது. ஆனால் சால்வோ யாருடைய இடத்தில் விளையாடுவான்? பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கிருபனின் இடத்தில்.

"நீர் வெளியிலை நிண்டு யோசனை சொல்லும், கிருபன். அனுபவசாலி எல்லே" என்றார் அண்ணை. நாற்பத்திரண்டு வயது என்று சொல்லாமல் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த உணவகத்தில் ஞாயிறு மத்தியானம்தான் திருவிழா. அன்றைக்கு லீவு கேட்டதற்கு முதலாளி இவரைப் பார்த்த பார்வையை இவரே எனக்கு நடித்துக் காட்டினார். ஒரு நாள் சம்பளமும் போச்சு. அதுவும் இந்த வருடம்தான் கடைசி, இதற்கு மேல் முழங்கால் விடாது என்று அவரே சொல்லியிருந்தார். அந்தக் கடைசித் தடவையைத்தான் இவர்கள் பிடுங்கினார்கள்.

இவருக்குக் கோபம் வரவேண்டுமே. வராது. சரித்திரம்தான் வரும்.

"இது புதுக் கதை இல்லை, துசா" என்றார். "ஆயிரத்தெண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டிலை பிற்ஸ்பேர்க்கிலையும் இப்பிடித்தான். ரெண்டு கழகம். காசுக்கு விளையாடுறது கேவலம் எண்டு ரெண்டும் மேடையிலை பேசும். ஒரு கழகம் ஹெஃபல்ஃபிங்கர் எண்ட பெரிய விளையாட்டுக்காரனுக்கு ஐந்நூறு டொலர் ஒளிச்சுக் குடுத்துக் கொண்டுவந்திது. மற்றக் கழகம் ஒரே சத்தம். ஆனால் அவையும் முதல் அதே ஆளைத்தான் விலை பேசிப் பாத்தவையாம்."

"பிறகு?"

"அண்டைக்கு விழுந்த ஒரே புள்ளி அவன் எடுத்ததுதான். காசு வாங்கின விசயம் உறுதியாத் தெரியவர எழுபது வருசம் போச்சுது. அவன்தான் முதல் சம்பளக்காரன். அங்கையிருந்து வளந்து, பிறகு ஒரு கார்க் கடைக்குள்ளை கூடி இப்பத்தைய பெரிய லீக்கைத் தொடங்கினவை. இருக்கக் கதிரை காணாமல் காரிலை கால் வைக்கிற படியிலை குந்தியிருந்து கதைச்சவையாம்."

"அந்த ஹெஃபல்ஃபிங்கருக்காக வெளியிலை நிப்பாட்டின ஆளின்ரை பேர் என்ன?"

"அது ஒருத்தரும் எழுதேல்லை" என்றார். அன்று இரவு அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கூடினோம். பிற்ஸ்பேர்க்கில் இரகசியம் எழுபது வருடம் தாங்கியது. எங்களிடம் எழுபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. காரணம் எங்கள் அறிவிப்பாளர் அருளம்பலம். வெளியிலிருந்து ஒரு மனிதர் வந்தால் பொன்னாடை போர்த்தாமல் அனுப்புவது அவருடைய பிறவிக்கே ஒவ்வாது. மைக்கைப் பிடித்தார்.

"எமது கழகத்தின் அழைப்பை ஏற்று, மிகவும் நியாயமான சம்பளத்துக்கு எமக்காக விளையாட இசைந்து வந்திருக்கும் மதிப்பிற்குரிய சால்வோ அவர்களைத் தலைவர் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார்."

கோபாலசிங்கம் அண்ணையின் முகம் செத்துப்போனது. ஆனாலும் பழக்கதோஷம், கை தானாகப் பொன்னாடையை விரித்தது. சால்வோ குனிய, அண்ணை நுனிக்காலில் நின்று போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அதன்பிறகுதான் பங்கு அணியின் பொறுப்பாளர் ஏர்னஸ்ற் எழும்பினார்.

"சம்பளமோ? மருமோன் எண்டெல்லோ சொன்னியள்? நாங்கள் விளையாடமாட்டம்."

அவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். அந்த நேரம் பார்த்துப் பொன்னாடையோடு நின்ற சால்வோ, அவர்கள் வரிசையின் கடைசியில் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு நின்ற ஒரு மலையைக் கண்டு வாயெல்லாம் பல்லாகக் கையை ஆட்டினான். "சாவ், தொத்தோ." இரண்டு பேரும் ஒரே நகரத்து அணி. தொத்தோவைப் பங்கு ஆட்கள் மொனிகா அக்காவின் மருமகன் என்று பதிந்திருந்தார்கள். மொனிகா அக்காவுக்கு இருக்கிற இரண்டு பிள்ளைகளும் பையன்கள்.

யாரை யார் ஏசுவது? இரண்டு மருமகன்களையும் நீக்குவதென்று முடிவானது. அண்ணை நீட்டிய கவரைச் சால்வோ வாங்கவில்லை. விளையாடாமல் காசு வாங்குவது தொழிலுக்கு அழகில்லை என்றான். தொத்தோவோடு நிழலில் குந்தி மட்டன் ரோல்ஸ் சாப்பிடப் போய்விட்டான். அண்ணை நிம்மதியாகக் கவரைச் சட்டைப் பைக்குள் வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கிருபன், வாரும், பட்டியைக் கட்டும்" என்றார் அண்ணை, ஒன்றுமே நடவாததுபோல.

இவர் பாய்ந்து எழும்பினார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"அந்தக் கவர், அண்ணை?"

"அது கழகக் காசு, தங்கச்சி."

"ஓட வாறவனுக்கு எண்டுதானே எடுத்து வைச்சியள். ஓடப்போறது இப்ப இவர். இண்டைக்கு ஒருநாள் சம்பளத்தை விட்டிட்டு வந்து நிக்கிறார்."

"நாங்கள் ஒரு குடும்பம் எல்லே? குடும்பத்துக்குள்ளை ஆரும் காசு கேப்பினமோ?"

"குடும்பம் எண்டபடியாத்தான் வெளியிலை நிப்பாட்டினியளோ?"

"துசா, விடும்" என்றார் இவர். அவமானத்தில் காது சிவந்திருந்தது. "நான் சும்மா விளையாடுவன்."

"நீங்கள் விளையாடுவியள். நான் விடமாட்டன்."

மைதானம் முழுக்க எங்களையே பார்த்தது. அண்ணை கவரை எடுத்து என் கையில் வைத்தார். ஏர்னஸ்ற் எட்டிப் பார்த்து, "இவருக்கும் காசோ?" என்றார்.

"ஓம், காசுதான். ஒளிச்சு வாங்கேல்லை" என்றேன். தொத்தோவைக் கொண்டுவந்த மனிதர் தன் ஆட்களிடம் திரும்பிப் போனார். கவரை இவரிடம் கொடுத்தேன். இவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் காற்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு உள்ளே போனார்.

சும்மா சொல்லக்கூடாது, ஓடினார். இந்த மனிதர் வீட்டில் காஸ் சிலிண்டரை நகர்த்தவே மூச்சு வாங்குவார். இரண்டு தடவை கோட்டைத் தாண்டினார். அவர்களும் தாண்டினார்கள், எங்களைவிட ஒரு தடவை கூடுதலாக. கடைசி ஓட்டத்தில் பந்து இவர் கையில் இருந்தது. மூன்று பேரைச் சுழித்துவிட்டு வந்தவரைக் கோட்டுக்கு ஓரடி முன்னால் விமலராஜ் என்ற பொடியன் பாய்ந்து பிடித்தான். பட்டி அவன் கையில் வந்தது. இவர் நிலைதவறி முழங்கால் அடிபட விழுந்தார். நான்காவது வருடமும் தோற்றோம்.

அழுகை வந்தது எனக்கு. இவர் எழும்பி, பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு, நேரே கோபாலசிங்கம் அண்ணையிடம் நடந்தார். வியர்வையில் நனைந்த கவரை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்கோ, அண்ணை. தோத்துப்போட்டு என்னெண்டு காசு வாங்கிறது?"

அண்ணையும் கையை நீட்டினார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"வெண்டால்தான் தருவியள் எண்டால் அதுக்குப் பேர் பரிசு" என்றேன். "தோத்தாலும் வாறதுதான் சம்பளம்."

அண்ணையின் கை கீழே இறங்கியது. கிருபன் கவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதை மெதுவாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வைத்த பிறகுதான் நொண்டத் தொடங்கினார். அதுவரைக்கும் நோவைக் காட்டாமல் நடந்திருக்கிறார் மனிதர்.