மெத்தைக்கடை நிறுத்தம்

காலை ஐந்தேகாலுக்கு, பல் விளக்கிய வாயைத் துடைப்பதற்குள் ஓட்டுநரின் கைக்கு ஒன்றரை லிட்டர் வெந்நீர் வந்துவிடும். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடியில். மனைவி எதிரே இடுப்பில் கை வைத்து நிற்பாள். உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும், மடமடவென்று குடிக்கக் கூடாது, ஒவ்வொரு வாயையும் மென்று விழுங்க வேண்டும். தண்ணீரை எப்படி மெல்வது என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார்.

"பஸ் ஓட்ட நான் உங்களுக்குச் சொல்லித் தரேனா? குடிக்க நான் சொல்றேன், கேளுங்க."

அதன் பின்னாலேயே ஒரு பெரிய குவளை வெள்ளரிச்சாறு, உப்பில்லாமல். டீ என்ற சொல்லையே அந்த வீட்டில் எடுக்கக் கூடாது. சர்க்கரை டப்பாவில் இப்போது ஆளிவிதை குடியிருக்கிறது.

எல்லாம் மூன்று மாதத்துக்கு முன் வந்த வினை. இயற்கை உணவு வகுப்பு என்று யாரோ பத்து நாள் நடத்தினார்கள். பத்து நாளும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்ட ஓட்டுநரின் மனைவி, பதினோராம் நாள் தானே வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டாள். அதுவரை 'டிரைவர் வீட்டம்மா' என்றிருந்தவளைக் குடியிருப்பில் இப்போது 'டாக்டரம்மா' என்கிறார்கள். முதலில் கேலிக்குச் சொன்னதுதான்; எதிர்வீட்டுக்காரியின் நெஞ்செரிச்சல் நின்ற பிறகு அதில் பாதிக் கேலி குறைந்துபோனது. யாராவது சந்தேகமாக இழுத்தால் அவளிடம் சாட்சி கைவசம் இருந்தது. "எங்க வீட்டுக்காரரைப் பாருங்க. தொப்பை இருந்த இடம் தெரியுதா?"

தொப்பை போனது ஊருக்கே தெரியும். குடித்த தண்ணீர் எங்கே போகிறது என்பது பேருந்துக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறு மணிக்கு டிப்போவில் வண்டியை எடுத்தால் கடைசி நிறுத்தம் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். ஆறரைக்கு அடிவயிறு மெதுவாகக் கதவைத் தட்டும். ஆறே முக்காலுக்குப் பாலம் வரும்போது தட்டல் இடியாகிவிடும். பாலம் இறங்கியதும் ஒரு மெத்தைக்கடை. பஞ்சு அடைக்க அதிகாலையிலேயே வந்துவிடும் கடைக்காரர் நல்ல மனிதர். பின்பக்கக் கழிப்பறையைத் திறந்தே வைத்திருப்பார். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, ஒரு தடியால் முன்சக்கரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பின்சக்கரத்தைப் பார்க்கப் போகிறவர்போலப் போய் அப்படியே மறைந்துவிடுவார். "அண்ணன் டயர்ல காத்து பாக்குறாரு" என்பார் நடத்துநர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். மூன்று மாதமாகத் தினம் நான்கு நிமிடம் காற்றுப் பார்க்கப்பட்டது.

அந்த நான்கு நிமிடமும் கடைசி நிறுத்தத்துப் பதிவேட்டில் ஏறிக்கொண்டே வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மெமோகூட வாங்காத மனிதரை டிப்போ மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னும் ஒருநாள் லேட் ஆச்சுன்னா ஸ்டியரிங்கை மறந்துடுங்க. ஷெட்ல வண்டி கழுவலாம். அங்க தண்ணிக்குப் பஞ்சமே இல்ல."

தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் ஓட்டுநருக்கு அங்கேயே முட்டியது.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். கூடத்தில் எட்டுப் பெண்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். "இதோ வந்துட்டாரு!" என்று மனைவி எழுந்துவந்து, துணிக்கடைப் பொம்மையைத் திருப்புவதுபோல அவரைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள். கண்ணைப் பாருங்கள், தோலைப் பாருங்கள், வயிற்றைப் பாருங்கள். முப்பது வருடத்தில் அவள் பேசி எட்டுப் பேர் வாய் திறக்காமல் கேட்டதை அவர் பார்த்ததில்லை. அவரே கேட்டதில்லை. அவள் குரலில் இப்படி ஒரு நிமிர்வு உண்டென்பதும் இப்போதுதான் தெரிந்தது. வாய்வரை வந்ததை மென்று விழுங்கினார். மெல்லத்தான் பழகியிருந்தாரே.

மறுநாள் பாலத்தில் செக்கர் ஏறினார். நேராக முன்னால் வந்து, ஓட்டுநருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மேலாளர் அனுப்பிய ஆள் என்று கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? ஓட்டுநர் பல்லைக் கடித்தார். வெந்நீர், வெள்ளரிச்சாறு, இருபத்திரண்டு வருடம், எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றன. மெத்தைக்கடை வந்தது. கண்ணைச் சாலையிலேயே நட்டு, கடையைத் தாண்டி ஓட்டினார்.

"யோவ் டிரைவர்! ஸ்டாப்பு! ஸ்டாப்பு!"

பின்னாலிருந்து வண்டியே கத்தியது. கண்ணாடியில் பார்த்தால், மெத்தைக்கடை வாசலில் ஏழெட்டுப் பேர் பையும் குடையுமாகக் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிறார்கள். வண்டிக்குள்ளேயும் பத்துப் பேர் இறங்க எழுந்துவிட்டார்கள். ஓட்டுநரின் காலும் அதற்காகவே காத்திருந்ததுபோல பிரேக்கில் விழுந்தது. தடியை எடுக்கவில்லை, சக்கரத்தைத் தட்டவில்லை. கதவைத் திறந்தார், ஓடினார்.

"எங்கய்யா ஓடுறாரு?" என்றார் செக்கர்.

"டயர் பாக்க, சார்."

"டயர் மெத்தைக்கடைக்குப் பின்னாலயா இருக்கு?"

நடத்துநர் டிக்கெட் பையைத் துழாவினார். இரவு வேலை முடிந்து வீட்டுக்கு இறங்க முன்வரிசையில் எழுந்து நின்ற நர்சம்மாதான் காப்பாற்றினாள். "அவரை விடுங்க சார், நாலு நிமிஷத்துல வந்துருவாரு. இங்க எப்பவும் பஸ் நிக்கும். இதை நம்பித்தான் இந்தப் பக்கம் வீடே மாத்திட்டு வந்தேன். போர்டு மட்டும்தான் இல்ல. அதுக்கு மனு எழுதி வச்சிருக்கோம், இந்தாங்க." நாற்பத்தொரு கையெழுத்து. மெத்தைக்கடைக்காரரின் கையெழுத்து முதலில் இருந்தது.

செக்கர் ஏறியவர்களை எண்ணினார், இறங்கியவர்களை எண்ணினார். முகம் தெளிந்து திரும்பிவந்த ஓட்டுநரையும் ஒரு பார்வை பார்த்தார். மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்றே வாரத்தில் மெத்தைக்கடை முன் கம்பம் நட்டுவிட்டார்கள். கால அட்டவணையில் ஐந்து நிமிடம் கூடியது. 'பயணிகளின் தேவையறிந்து செயல்பட்டமைக்கு' என்று மேலாளர் கையாலேயே ஒரு பாராட்டுக் கடிதம். அதை மனைவியிடம் நீட்டியபோது, இதுதான் சமயம், சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"பாத்தீங்களா!" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "இத்தனை வருஷமா உங்க பேச்சை அங்க யாரு கேட்டா? உடம்புல கழிவு போனா மூளை எப்படி வேலை செய்யுதுன்னு இப்பவாவது தெரியுதா?" கடிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பியவள், வாசலில் நின்று திரும்பினாள். "நாளையிலருந்து ரெண்டரை லிட்டர்."

மறுநாள் புதுக் கம்பத்தருகே வண்டி முறைப்படி நின்று, ஓட்டுநர் இறங்கி ஏறி, முறைப்படி கிளம்பியது. அடுத்த இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு குறையும் இல்லை. பெயின்ட் கடை ஒன்று கண்ணில் பட்டதும் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. கடைசி வரிசையில் ஒரு பெண் தலை நிமிர்ந்து வெளியே பார்த்தாள். மடியிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எழுந்து, மெதுவாகக் கதவுப் பக்கம் வந்து நின்றாள்.