வாக்கியம் பொருந்தவில்லை

நண்பர்கள் அவனுக்குச் சட்டம் என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை. புதிதாக வாங்கிய மின்விசிறியின் உத்தரவாத அட்டையைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் ஸ்விட்சைப் போடுகிற ஆசாமி. மனைவி பல் மருத்துவர். பல்லைப் பிடுங்குவதைவிட இவரிடம் ஒரு கையெழுத்து வாங்குவதுதான் கஷ்டம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவன் கையில்தான் யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்று வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடங்களுக்குக் கால அட்டவணை போட்டுத் தரும் சின்ன சமாச்சாரம். எந்த ஆசிரியருக்கு எந்த வகுப்பு, எந்தப் பீரியட் என்று அதுவே பார்த்துச் சொல்லிவிடும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத யார் யாரோ, சம்பளம் வாங்காமல், ஓய்வு நேரத்தில் இணையத்தில் சேர்ந்து எழுதியது. பிறகு கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம் என்று ஆளாளுக்குக் கழன்றுகொள்ள, பல வருஷமாகக் கேட்பாரற்றுக் கிடந்தது. சட்டம் அதைத் தூசி தட்டி எடுத்துப் பழுதுகளையெல்லாம் சரிசெய்தான். உழைப்பில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு கல்வி அறக்கட்டளையும், பள்ளிகளுக்கு நாங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்று முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். இதில் நிரல் எழுதிய ஒவ்வொருவரும், நான் எழுதியதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் தர வேண்டும். தராதவர் எழுதிய பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும்.

ஒப்பந்தம் என்றால் சட்டத்துக்குக் கேட்க வேண்டுமா! அதை அவனே எழுதினான். ஆட்களைத் துரத்திப் பிடிக்க ஒரு தானியங்கியையும் எழுதி, அதற்குக் குமாஸ்தா என்று பெயரும் சூட்டினான். ஒப்பந்தம் தராதவர்களுக்குக் குமாஸ்தா தினமும் மின்னஞ்சல் அனுப்பும். பதிலில் உறுதிமொழி வாக்கியம் எழுத்துப் பிசகாமல் இருந்தால் பெயருக்கு எதிரே பச்சை அடையாளம் விழும். இல்லாவிட்டால், 'வாக்கியம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்' என்று திருப்பி அடிக்கும். "சும்மா சரின்னு பதில் போட்டா, நாளைக்கு எவன் கோர்ட்டுக்கு அலையறது?" என்பது அவன் வாதம். வருகிற பதில்களை அவன் படிப்பதே இல்லை. அதற்குத்தானே குமாஸ்தா!

எல்லோரும் தந்துவிட்டார்கள். பாக்கி ஒருவர், ஆந்தை. இணையத்தில் அந்தப் பெயரில்தான் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஒரே ஆசிரியரை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புக்கு அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பகுதி அவர் எழுதியது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் கட்டம்தான். பள்ளி திறக்கும் நாள் நெருங்க நெருங்கச் சட்டம் மணிக்கொரு தடவை ஆந்தையின் பெயருக்கு எதிரே எட்டிப் பார்த்தான். அப்போதுதான் ஒரு சனிக்கிழமை காலை பச்சை விழுந்தது.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. 'ஆந்தை திரும்பிவிட்டது!' என்று, நிரல் எழுதியவர்கள் எல்லோரும் இருக்கும் மின்னஞ்சல் குழுவில் போட்டான். 'இத்தனை வருஷமா என்னய்யா தூக்கம்?', 'பொந்தை விட்டு வெளியே வந்ததுக்கு நன்றி' என்று ஆளாளுக்குக் கிண்டலடித்தார்கள். அத்தனையும் ஆந்தையின் மின்னஞ்சலுக்கும் போயின. பதிலோடு ஒரு போன் நம்பரும் வந்திருந்தது. சட்டம் கூப்பிட்டான்.

"ஆந்தையாரே! ஒரு வழியா கண்ணைத் திறந்தீங்களே!"

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். "நான் அவனோட அக்கா பேசறேன். நீங்க அந்த ஆபீஸா?"

"ஆபீஸ் எல்லாம் இல்லீங்க. அவர் இல்லையா?"

"அதைத்தான் எழுதினேனே தம்பி, அவன் தவறிப் போயிட்டான்னு. பொருந்தலைன்னு வந்துச்சு."

சட்டத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பாவம், ஆள் இல்லாதது தெரியாம தினமும் கேக்கறாங்களேன்னு திரும்பவும் எழுதினேன். இறப்புச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பினேன். அதுக்கும் பொருந்தலைன்னாங்க. அவன் ஏதோ குடுக்க வேண்டியதைக் குடுக்காம விட்டுட்டான் போல, அதான் இவ்வளவு கோவமா இருக்காங்கன்னு நினைச்சேன். கடைசியில நீங்க கேட்ட மாதிரியே, அவனே எழுதற மாதிரி அடிச்சு விட்டேன். உடனே, 'மிக்க மகிழ்ச்சி, மீண்டும் வருக'ன்னு வந்துச்சு. இப்ப காலையிலேருந்து என்னென்னவோ கேலி பண்ணி வந்துட்டே இருக்கு." குரல் தணிந்தது. "பொய்யா எழுதினா குற்றம்னு கீழ போட்டிருந்துச்சே. எனக்கு ஏதாவது ஆயிடுமா?"

அந்த வரியையும் அவன்தான் எழுதியிருந்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. "உங்க மேல தப்பே இல்லைக்கா. எங்க தப்பு," என்றான். என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

அதோடு வாயை மூடியிருக்கலாம். பழக்க தோஷம் விட்டால்தானே! அக்கா எழுதி அனுப்பியது செல்லாது, வாரிசு என்று முறைப்படி தந்தால்தான் செல்லும் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததை வாய் கக்கிவிட்டது.

"வாரிசுச் சான்றிதழ் இருக்குங்களா?"



"இருக்கு. எங்களுக்கு வேற யாரும் கிடையாது, நான் ஒருத்திதான். அதே இடத்துக்கா அனுப்பணும்? இந்தத் தடவை யாராவது படிப்பாங்களா?"

"நானே படிக்கறேன்க்கா."

போனை வைத்தபோது, சொல்லவே கேவலமாக இருக்கிறது, அவனுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. வேலை நின்றுவிடாது. பள்ளி திறக்குமுன் முடிந்துவிடும்.

பச்சை அடையாளத்தை அழித்தான். குமாஸ்தாவை நிறுத்தினான். குழுவில் கிண்டல் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 'நண்பர்களே, வருத்தமான செய்தி. ஆந்தை என்று நாம் அறிந்த' என்று எழுதத் தொடங்கியவன் அங்கேயே நின்றுவிட்டான்.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். அவன் பேசியதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது.

"அவர் பேரு என்ன?"

அவன் திரையைப் பார்த்தான்.

"என்ன வயசு? எப்படித் தவறினாராம்?"

"கேக்கலை."

"வாரிசுச் சான்றிதழ் மட்டும் கேக்கத் தெரிஞ்சுது."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா அனுப்பிய இறப்புச் சான்றிதழ் குமாஸ்தா தள்ளிவிட்ட குவியலில் இருக்கும், திறந்தால் பேரும் தேதியும் கிடைத்துவிடும் என்று கை தானாகப் போயிற்று. இதிலுமா குறுக்குவழி என்று தன் மேலேயே அருவருப்பாகி, கையை எடுத்துக்கொண்டான். மறுபடி போன் போட்டான்.

"சொல்லுங்க தம்பி," என்றாள் அக்கா. "இன்னும் என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்க்கா. உங்க தம்பியைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்."



"அதுவும் ஃபார்ம்ல கேட்டிருக்கா?" என்றாள்.

கேலியாகக் கேட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் கேட்டாள்.