கண் திறக்கும் வேலை

1

இந்தக் கதை ஒரு தப்பில் பிறந்தது. தப்பு என்னுடையது. அதைக் கதாநாயகியின் தலையில் கட்டிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ஒன்பது பேர் வரிசையாகக் கிடந்தார்கள், ஏதோ

(அந்த ‘ஏதோ’வுக்குப் பின்னால் ஓர் உவமை தேடி ஒரு மணி நேரம் போனது. உவமை வேண்டாம்.)

2

கதாநாயகி வேதியியல் படித்தவள். ஸ்டுடியோவில் பழைய படங்களைக் கணினியில் சரிசெய்கிறாள். (கூச்சத்தில் ‘அவள்’ என்கிறேன். சரி, நான்தான்.)

ஓர் அக்கா பத்திரிகையில் வந்த பழைய படமொன்றைக் கொண்டுவந்தார். சுட்டுக் கொல்லப்பட்டவர்களைத் தெருவில் கிடத்தியிருந்த வரிசை.

“இவன் எங்க அண்ணன். மத்த படமெல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சு. இவனைத் தனியா எடுத்து, கண்ணைத் திறந்து குடும்மா.”

“கண்ணுக்கு...”

“என் கண்ணை எடுத்துக்க. ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு.”

அவரையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். ஆனால் அவர் விரல் தொட்ட முகத்தைப் பார்க்கவில்லை. விரல் நகத்தைப் பார்த்தேன்.*

* நீங்களும் இப்போது நகத்தைத்தான் பார்த்தீர்கள்.

3

நானூறு சதவீதம் பெரிதாக்கினால் முகம் வெறும் சதுரங்களாகிவிடும். சதுரங்களைக் கண்டு யாரும் கலங்குவதில்லை. அப்படியே வேலை செய்தேன்.

“விஞ்ஞானி, அந்தக் கல்யாணப் படத்து மாப்பிள்ளைக்கு முடி வச்சாச்சா?” ஸ்டுடியோ முதலாளி கேட்டார்.

“இல்லண்ணா. ஒருத்தருக்குக் கண்ணு திறக்கறேன்.”

“திறந்ததும் உன்னைத்தான் முதல்ல பாப்பாரு. கொஞ்சம் சிரிச்ச மாதிரி உக்காரு.”

4

அச்சிட்ட படத்தை அக்கா வெகுநேரம் பார்த்தார்.

“கண்ணு என்னோடதுதான். ஆளு எங்க அண்ணன் இல்ல. பக்கத்துல கிடந்தவரு.”

முடிவு அ: அவர் என்னைத் திட்டித் தீர்க்கிறார். (நிம்மதியாக இருந்திருக்கும்.)

முடிவு ஆ: “அழிச்சிடறேன்க்கா” என்கிறேன். (நிஜமாகவே சொன்னேன்.)

“முழிச்சுட்டவரை மறுபடி படுக்க வைப்பியா?” படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “இவரு வீட்டு ஆளுங்க எங்கயாச்சும் இருப்பாங்க, தேடிப் பாக்கறேன். நாளைக்கு வரேன், எங்க அண்ணனை எழுப்பி வை. இந்தத் தடவ முகத்தைப் பாத்து.”

5

பக்கத்தில் என்றால் இடமா, வலமா? கேட்கக் கூச்சப்பட்டேன். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

இப்போது முழுப் படமும் திரையில் இருக்கிறது. நூறு சதவீதம். அக்காவின் மூக்கையும் வாயையும் வைத்துத்தான் அண்ணனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இடப்பக்கத்தவரை நான் பார்க்கிறேன். வலப்பக்கத்தவரை நீங்கள் பாருங்கள்.

நகத்தை அல்ல.