கோப்பையைத் துலக்குவதில் பெருமகிழ்ச்சி

1

இந்தக் கதை, நான் எழுதாமல் விட்ட ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அயர்லாந்தில், கில்வர்ரா ஊரின் மருந்துக்கடையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். கையாலும் காலாலும் ஆடுகிற கேலிக் கால்பந்துக்கான எங்கள் மன்றத்தின் செய்திகளை வாராவாரம் வட்டாரப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புவதும் நான்தான். போன ஜனவரியில் நாங்கள் அகில அயர்லாந்து ஜூனியர் மன்றக் கோப்பையை வென்றோம்.* நான்கு பத்தி எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் கேப்டன் லோர்கன் ஹெனகன், விலாவுக்குத் தைலம் வாங்குகிற சாக்கில் வந்து நின்றான்.

“நான் மைக்குல பேசுன முதல் வரிய எடுத்துடு, கோமதி.”

“ஊரே கேட்டுச்சே, லோர்கன்.”

“கேட்டா கேட்டுட்டுப் போகட்டும், பேப்பர்ல வேணாம். வேணும்னா உன் பாஷையில எழுதிக்கோ. இங்க எவனுக்குப் படிக்கத் தெரியும்?”

ஆகவே இது தமிழில் இருக்கிறது. நீங்கள் ரகசியம் காப்பவர்கள் என்று நம்புகிறேன்.

(* ஜூனியர் என்றால் பொடியன்கள் அல்ல, மூன்றாம் தரம். எங்கள் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரருக்குக் கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள்.)

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘பனி படர்ந்த அந்த மைதானத்தில் முப்பது வீரர்கள்...’ பனியே இல்லை, சும்மா தூறிக்கொண்டிருந்தது. அடித்துவிட்டேன்.

‘எங்கள் மன்றத்தின் நூற்றுப் பத்து வருடக் கனவு...’ யாரும் கனவெல்லாம் காணவில்லை. போன வருடம் பதினைந்து பேர் சேர்வதே பெரும்பாடாக இருந்தது. அடித்துவிட்டேன்.

‘லோர்கனுக்குத் தோற்பதில் பயமில்லை, ஜெயிப்பதில்தான் பயம்.’ இதை வைத்துக்கொள்கிறேன்.

3

காரணம் இதுதான். கோப்பையை வாங்குகிற கேப்டன், முதல் வரியை ஐரிஷ் மொழியில் சொல்ல வேண்டும். சட்டம் ஒன்றும் இல்லை, வழக்கம். பள்ளியோடு அந்த மொழியை மறந்தவன்கூட அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுத்தான் ஆங்கிலத்துக்குத் தாவுவான். ‘இந்தக் கோப்பையை ஏற்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.’ அவ்வளவுதான், ஒரு மூச்சு.

லோர்கனுக்கு அந்த ஒரு மூச்சும் கிடையாது. சின்ன வயதில் எழுத்துகள் அவன் கண்ணில் இடம் மாறிக்கொண்டே இருந்ததால், பள்ளியில் அந்தப் பாடத்திலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் ஐரிஷ் படிக்க, இவன் பின்வரிசையில் டிராக்டர் வரைந்தான். எட்டு வருடம், தினமும் ஒரு டிராக்டர். ‘படிக்க லாயக்கில்லாதவன்’ என்று யாரும் சொல்லவில்லை. அவனே சொல்லிக்கொண்டான். இன்று முப்பத்து நான்கு வயதில் பால் லாரி ஓட்டுகிறான்.

மாவட்டக் கோப்பையின்போது தொண்டை கட்டிவிட்டது என்று துணைக் கேப்டன் ஃபெர்கல் டாலியை மேடை ஏற்றினான். மாகாணக் கோப்பைக்கும் அதே தொண்டை. இறுதிப் போட்டிக்குப் பத்து நாள் முன்னால் லோர்கனின் மனைவி நூலா என்னிடம் புலம்பினாள்: “இந்தத் தொண்டைக்கு உன் கடையில மருந்து இல்லையா, கோமதி? அவர் மேடை ஏறலேன்னா ஆயுசுக்கும் அதையே நினைச்சுட்டு உக்காந்திருப்பாரு. அப்புறம் நான்தான் அவஸ்தைப்படணும்.”

4

ஃபெர்கலை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் எங்கள் கோல்கீப்பர், ஊர்ப் பள்ளி வாத்தியார், லோர்கனோடு நான்கு வயதிலிருந்து ஒரே வகுப்பு. குறும்பன். எதிரணியின் உடைமாற்றும் அறையில் உயிருள்ள செம்மறியாட்டைக் கட்டிவைத்தவன். கதையில் இப்படி ஒருவன் இருந்தால் வாசகர் எல்லாப் பழியையும் அவன் தலையில் போட்டுவிடுவார். நானும் அப்படித்தான் செய்தேன்.

லோர்கனுக்கு அந்த வரியைத் தன் குரலில் பதிவு செய்து கொடுத்தவன் ஃபெர்கல்தான். பத்து நாளும் பால் லாரிக்குள் அது ஓடியது.

“பசுவெல்லாம் பேச ஆரம்பிச்சிருச்சுடா,” என்றான் லோர்கன், பயிற்சியின்போது.

“நீ எப்போ ஆரம்பிக்கப் போற?”

“முதல்ல ஜெயிப்போம்.”

“அத நான் பாத்துக்கறேன். நீ நாக்கப் பாத்துக்க.”

5

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு கோல், ஒன்பது புள்ளி. எதிரணியான தெற்கத்திக்காரர்களுக்குக் கோல் இல்லை, பதினோரு புள்ளி. கோல் ஒன்றுக்கு மூன்று கணக்கு, ஆக ஒரு புள்ளியில் வென்றோம். கடைசி நிமிடத்தில் லோர்கன் குறுக்கே பாய்ந்து, உதைத்தவனின் காலடியிலேயே பந்தை மறித்தான் என்கிறார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் பிளாஸ்கோடு எழுந்துவிட்டதால் நான் பார்க்கவில்லை. (பத்திரிகைக்கு, நேரில் பார்த்த மாதிரிதான் எழுதினேன். மன்னிக்கவும்.)

அன்று தொண்டை கட்டவில்லை. லோர்கன் படியேறினான், கோப்பையைப் பிடித்தான், மைக்கில் அந்த வரியைத் தெளிவாக, நிதானமாகச் சொன்னான்.

அந்த மொழியில் ‘க்ளக்கா’ என்றால் ஏற்பது, ‘க்ளன்னா’ என்றால் துலக்குவது.

‘இந்தக் கோப்பையைத் துலக்குவதில் எனக்குப் பெருமகிழ்ச்சி’ என்றான்.

உடனே எங்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: “கைப்பிடிய மறந்துடாத, லோர்கன்.” இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது. அவனும் சிரித்தான், ஏன் என்று தெரியாமல்.

திரும்பும் பேருந்தில்தான் நூலா மெல்ல விஷயத்தைச் சொன்னாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பின்வரிசைப் பையனை நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை.

ஃபெர்கல் இருக்கை மேல் ஏறி நின்றான். “எல்லாரும் கேளுங்கடா. அது என் வேலை. வேணும்னே மாத்திச் சொல்லிக் கொடுத்தேன். இவன் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கல.”

பேருந்தே அவன் மேல் பாய்ந்தது. லோர்கன் தன் ஈரக் காலணியைக் கழற்றி அவன் மண்டையில் எறிந்தான். முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது. “அதானே பாத்தேன், திருட்டுப் பயலே,” என்றான். ஊர் வரைக்கும் பாட்டுதான்.

இங்கே நிறுத்தியிருந்தால் நல்ல கதை.

6

மறுவாரம் லோர்கன் அந்தப் பதிவை எனக்கு அனுப்பினான். ஊரில் அந்த மொழியை ஆசைப்பட்டுப் படித்தவள் நான் ஒருத்திதான். “எனக்குத் திரும்பக் கேக்க மனசு வரல. நீ கேளு,” என்றான். பத்திரிகையில் அந்த வரி ஏன் வேண்டாம் என்பதையும் அப்போதுதான் சொன்னான். வாத்தியாராக இருக்கிறவன் இப்படிச் செய்தான் என்று வெளியூரில் தெரிந்தால், ஃபெர்கலுக்கு அவமானமாம்.

கேட்டேன். பத்து வினாடி. திரும்ப நாலைந்து தடவை கேட்டேன்.

ஃபெர்கல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். க்ளக்கா. வாத்தியார் குரலில், அட்சர சுத்தமாக.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. நான் பதிவை அழித்துவிடுகிறேன். (கோழைத்தனம்.)

ஆ. ஃபெர்கலைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். அவன் ஆட்டைப் பற்றிப் பேசி மழுப்புவான். எழுதவே வேண்டியதில்லை.

இ. லோர்கனுக்கு முன்பே தெரியும், அவன்...

இல்லை, எனக்கு அது தெரியாது.

இன்று சனிக்கிழமை. லோர்கன் கடைக்குள் வந்து, இரண்டு கையையும் கவுண்டரில் ஊன்றிக்கொண்டு நிற்கிறான்.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“அவன் வேலைதானே?”

‘ஆமாம்’ என்றால் இவன் நிமிர்ந்து நடப்பான், ஊர் சிரிக்கும், ஃபெர்கல் சந்தோஷமாகக் குற்றவாளியாகவே இருப்பான். ‘இல்லை’ என்றால் அந்தத் தவறு இவன் தலையில் வந்து விழும். கூடவே, தனக்கு எப்படிப்பட்ட நண்பன் வாய்த்திருக்கிறான் என்பதும் தெரிந்துவிடும். இரண்டையும் பிரித்துக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் மருந்துச்சீட்டோடு இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் மட்டும்தான் இதைப் படிக்கிறீர்கள். சீக்கிரம் சொல்லுங்கள், நான் என்ன சொல்லட்டும்?