பாலூட்டும் அறைக்கு வெளியே

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல் வீட்டு ரைசா என் ஃப்ரிட்ஜில் கொஞ்சம் இடம் கேட்டு வந்தாள். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேராம். எதற்கு என்று கேட்டேன்.

"பால் வெக்கோணுங்க்கா. என்ற பாலு."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நான் கதை எழுதுகிறவள் என்று அவளுக்குத் தெரியும். போகும்போது திரும்பிப் பார்த்து, "எழுதறதுன்னா எழுதிக்கங்க. ஆனா நான் அழுகற மாதிரி எழுதீறாதீங்க. நான் அழுகுல. எனக்கு வந்தது ஆத்திரம்" என்றாள்.

2

முதல் தொடக்கம்: "திருப்பூரின் மேல் அந்தி கவிந்த வேளையில், ஒரு தாயின் கண்களில்..."

வேண்டாம்.

இரண்டாவது தொடக்கம்: "ரைசாவின் மார்பு கனத்தது. நான்கு மாதக் குழந்தை அஃப்னானின் முகம் நினைவுக்கு வர, அவள் கண்கள்..."

மறுபடியும் கண்! தாய் என்று எழுதினாலே என் பேனா ஏன் கண்ணுக்குப் போகிறது? பால் கண்ணிலிருந்தா வருகிறது?

மூன்றாவது: பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே ஓவர்லாக் மெஷினில் தைக்கிற ரைசாவுக்கு, டீ பிரேக் வருவதற்குள் பால் கட்டிக்கொள்ளும்.

இது இருக்கட்டும்.

3

பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே அது ஆரம்பித்துவிட்டது. கையைத் தூக்கினால் அக்குள் வரை வலி. துப்பட்டாவை எப்படிப் போட்டாலும் ஈரம் தெரிந்தது. அவள் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியில் ஒருநாள் இரண்டு சொட்டு விழுந்தது. செக்கிங்கில் அதை ஆயில் கறை என்று ஒதுக்கினார்கள்.

அவள் கழிப்பறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிவிட்டு வந்தாள்.

[இந்த வாக்கியத்தோடு தாண்டிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். நீங்களும் தாண்டிப் போயிருப்பீர்கள். அதனால் நிறுத்துகிறேன்.]

அந்தக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பீய்ச்ச வேண்டும். முதலில் ஒன்றும் வராது. யாராவது கதவைத் தட்டினால் வர இருந்ததும் நின்றுபோகும். மூச்சை அடக்கி, மேலிருந்து கீழாகத் தடவித் தடவி அழுத்தினால்தான் மெல்லிய நூலாக இறங்கும். இறங்குகிற பால் கால் வைக்கிற பீங்கானில் விழுந்து ஓட்டைக்குள் போகும். அதன் மேல் ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அவள் மெஷினுக்கு ஓடுவாள். அதே நேரத்தில் வீட்டில் அவள் மாமியார் ரஹ்மத்துன்னிசா பவுடர் பால் கலக்கிக்கொண்டிருப்பார். அஃப்னான் அதைத் துப்பிக்கொண்டிருப்பான்.

"என்ற புள்ளைக்குச் சேர வேண்டியத மூத்திரத்தோட ஊத்திப்போட்டு வந்தனுங்க்கா, தெனமும்" என்றாள் ரைசா.

4

இரண்டாவது மாடியில் படி ஏறியதும் ஓர் அறை உண்டு. 'பாலூட்டும் அறை' என்று பலகை. பலகைக்குக் கீழே பூட்டு. சாவி எச்.ஆர். சத்யப்பிரியாவிடம்.

ரைசா போய்க் கேட்டாள்.

"அது ஆடிட் வர்றப்பத் தொறக்கறதுங்க. இப்ப உள்ளே அட்டைப்பெட்டி அடுக்கியிருக்குது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றார் சத்யப்பிரியா. கோபமாகச் சொல்லவில்லை. டீக்குச் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னார்.

சூப்பர்வைசர் தரணீதரன் கழிப்பறைக்கு வெளியே நின்று கூப்பிடுவார்: "ஏம்மா ரைசா, நீ இல்லாம தையல் லைன் நிக்குதும்மா!"

[தரணீதரனுக்கு நான் முதலில் முரட்டு மீசையும் கெட்ட பார்வையும் கொடுத்திருந்தேன். ரைசாவிடம் படித்துக் காட்டியபோது ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு அப்படியில்லீங்க்கா. சம்சாரத்து வளைகாப்புக்கு எங்க எல்லாரையும் கூப்பிட்டாரு. அவரு கொழந்தைக்கும் அஃப்னான் வயசுதான்." மீசையை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு அவர் மேல் என் கோபம் கூடிற்று. வீட்டில் பால் கட்டுவது என்னவென்று பார்த்த மனுஷன்.]

5

பனியன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி வந்து சோதிக்கிற ஆடிட் நாள் வந்தது. அட்டைப்பெட்டிகள் வெளியேறின. சோபா, திரைச்சீலை, குட்டி ஃப்ரிட்ஜ், பெட்டி பிரிக்காத பால் பம்ப் எல்லாம் உள்ளே வந்தன. கொழுகொழு குழந்தைப் படம் ஒன்றும் சுவரேறியது.

"ரைசா, நீங்க உள்ளே உக்காந்துக்கங்க. கேட்டா தெனமும் வர்றேன்னு சொல்லுங்க, செரிங்களா?" என்றார் சத்யப்பிரியா.

ரைசா உட்கார்ந்தாள். பம்ப்பை மார்பில் வைத்தாள். பிடிக்க வேண்டிய கதவு இல்லை, தட்டுகிற ஆளில்லை. பால் உடனே இறங்கியது. பாட்டிலில் அளவுக்கோடுகளைத் தாண்டித் தாண்டி ஏறியது. இவ்வளவா என்று அவளுக்கே ஆச்சரியம். வலி குறையக் குறைய ஆத்திரம் ஏறியது. இவ்வளவு சுலபமானதையா பூட்டி வைத்திருந்தார்கள்?

"அவள் கண்கள் பனி..." இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆடிட் செய்ய வந்த வெளிநாட்டுப் பெண் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உள்ளே வந்தாள். சத்யப்பிரியாதான் மொழிபெயர்ப்பு.

"தெனமும் இங்கே வர்றீங்களான்னு கேக்கறாங்க."

"இல்லீங்க. இன்னைக்குத்தான் தொறந்தாங்க."

சத்யப்பிரியா சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். ரைசாவுக்கு அதில் ஒரு சொல் மட்டும் பிடிபட்டது: எவ்ரிடே. புரொடக்‌ஷன் பேச்சில் தினமும் காதில் விழுகிற சொல்தான்.

"நோ எவ்ரிடே மேடம்" என்றாள் ரைசா. குரல் அறைக்கு வெளியே தையல் ஹால் வரை கேட்டது. "டுடே. ஒன்லி டுடே. எவ்ரிடே, பாத்ரூம்!"

வெளிநாட்டுப் பெண்ணின் பேனா நின்றது. அப்புறம் ஏதோ எழுதிக்கொண்டது.

6

[நீங்கள் இப்போது எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். நானும் எதிர்பார்த்தேன். 'மறுநாள் அந்த அறை...' என்று ஆரம்பித்தும் பார்த்தேன்.]

மறுநாள் அந்த அறையில் மறுபடி பூட்டு. வாடகைக்கு எடுத்த ஃப்ரிட்ஜ் போய்விட்டது. பம்ப் மட்டும் ரைசாவின் மெஷின் மேல் கிடந்தது. "உங்களுக்குத்தான வேணும், வெச்சுக்கங்க" என்றார் சத்யப்பிரியா. இந்த முறை சர்க்கரை தீர்ந்த குரலில் பேசவில்லை.

ரைசா பம்ப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கழிப்பறைப் பக்கம் போகவில்லை. பூட்டிய அறையின் முன்னால், எல்லோரும் ஏறி இறங்குகிற படியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். துப்பட்டாவை விரித்துப் போர்த்திக்கொண்டு பாலை எடுக்கத் தொடங்கினாள். ஏறியவர்கள் தயங்கி நின்றார்கள். இறங்கியவர்கள் திரும்பிப் போனார்கள்.

"ஏம்மா, இங்கேயா? ஆம்பளைங்க போற வழி" என்றார் தரணீதரன், சுவரைப் பார்த்தபடி.

"தெரியுமுங்க. அந்தக் கதவத் தொறங்க, போயர்றேன்."

அவர் திறக்கவில்லை. சாவி தன்னிடம் இல்லை என்றார்.

அடுத்த நாள் கட்டிங் செக்‌ஷன் குழந்தையம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கைக்குழந்தை கிடையாது. ரைசாவுக்கு மறைப்பாகத் தன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, வேடிக்கை பார்த்த ஆண்களை ஒவ்வொருவராக முறைத்தாள். அதற்கடுத்த நாள் பால் கொடுக்கிற இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். பீகாரிலிருந்து வந்தவர்கள். கீழ்ப்படியில் உட்கார்ந்து கைகளாலேயே பீய்ச்ச ஆரம்பித்தார்கள். மாடிப்படி அடைந்துபோயிற்று.

7

நாளைக்கு முதலாளி வருகிறாராம். நான்கு பேரையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

முடிவு ஒன்று: கதவு திறக்கிறது. முடிவு இரண்டு: நான்கு பேருக்கும் வேலை போகிறது. முடிவு மூன்று: கதவைத் திறந்துவிட்டு, வேறு ஏதாவது காரணம் சொல்லி, ஒவ்வொருவராக...

எதையும் எழுதி முடிக்க என் கை வரவில்லை. திறந்தது என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். அந்தத் தூக்கத்தை உங்களுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

இதுவரை எழுதியதை ரைசா படித்தாள். ஓரிடத்தில் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"ஏனுங்க்கா, இதப் படிக்கறவங்கள்ல கம்பெனி வெச்சிருக்கறவங்க யாராச்சும் இருப்பாங்களா?"

"இருக்கலாம்."

"அப்ப நீங்க எதுக்குங்க மண்டைய ஒடைச்சுக்கறீங்க? முடிவ அவங்களே எழுதட்டும்."